விருந்தாளி ஸ்பாஞ்சு

பளிச் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. எந்தப் பெற்றோரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். ஒரு கண் ஆஸ்பத்திரியின் லாண்டரியில் பன்னிரண்டு வருஷம் படுக்கை விரிப்புகளை வெளுத்தவர் அவர். எப்பேர்ப்பட்ட கறையோடு போன விரிப்பும் அவர் கையிலிருந்து பளிச்சென்று திரும்பி வரும். நர்ஸம்மாக்கள் விளையாட்டாகச் சொன்ன பேர் ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு நாள் லாண்டரி வேலையை நிர்வாகம் வெளியாட்களிடம் கொடுத்துவிட்டது. மெஷின்களைக் கழற்றி எடுத்துப் போனார்கள். மனிதர்களை அப்படிக் கழற்ற முடியாதே, ஆளுக்கொரு மூலையில் மாட்டினார்கள். ஒருவர் லிஃப்டுக்குப் போனார், இன்னொருவர் வாசல் கேட்டுக்குப் போனார். பளிச்சின் தலையில் தோட்டத்து மீன் குளம் வந்து விழுந்தது. "தண்ணியில நின்னு பழக்கம்தானே" என்றார் மேனேஜர். அந்த ஆஸ்பத்திரியில் யோசித்துச் செய்த காரியங்கள் குறைவு. இது யோசித்துச் செய்தது.

குளம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கார் நிறுத்துகிற இடம்தான். ஓரத்தில் கல் அடுக்கிச் செய்த ஒரு சின்ன அருவி. குளத்தின் அடியில் இருக்கும் மோட்டார் தண்ணீரை இழுத்து, செடி மறைவில் வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் தள்ளும். பெட்டிக்குள் தலையணை அகலத்தில் நான்கு ஸ்பாஞ்சுகள். அவற்றில் வடிந்த தண்ணீர் அருவியில் விழுந்து மறுபடி குளத்துக்கே வந்து சேரும். அதுதான் ஃபில்டர். பெட்டியைத் திறந்து வேலை பார்க்கும் நேரத்தில், தண்ணீர் அதற்குள் போகாமல் நேரே அருவிக்குப் போகும்படி திருப்பிவிட ஒரு வால்வும் உண்டு. அந்த வால்வைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குளத்தில் அப்போது முப்பத்திரண்டு மீன்கள், ஆரஞ்சும் வெள்ளையுமாக. கண் கட்டு அவிழ்த்த நோயாளிகளை நர்ஸ்கள் முதலில் இங்கேதான் கூட்டி வருவார்கள். "எத்தனை மீன் தெரியுது, சொல்லுங்க பார்ப்போம்" என்பார்கள். எண்ணிக்கை ஒருநாளும் சரியாக வராது, மீன்கள் நின்றால்தானே. ஆனால் எண்ண எண்ண அந்த முகங்கள் மலரும். அதைப் பார்ப்பதற்காகவே பளிச், இல்லாத வேலையை இருப்பதுபோலக் காட்டிக்கொண்டு அந்த நேரத்தில் குளத்தோரம் குனிந்திருப்பார்.

வந்த முதல் மாதமே பெட்டியைத் திறந்து பார்த்தார். நான்கு ஸ்பாஞ்சும் பழுப்பு. சாதாரணப் பழுப்பா, பிசுபிசுத்துக் கொழகொழத்த பழுப்பு. வெளுப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட மனிதருக்கு அது தன்னை நேரே பார்த்துத் திட்டியதுபோல இருந்தது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊறப் போட்டார். குழாயடியில் ஆறு தண்ணீர் மாற்றி அலசினார். வெயிலில் உலர்த்தினார். சாயங்காலம் நான்கும் பாலாக வெளுத்திருந்தன. நர்ஸம்மாக்கள் வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். அவரும் தலைகால் புரியாத சந்தோஷத்தோடு அவற்றைப் பெட்டியில் போட்டு மூடினார்.

ஒரு வாரத்துக்குள் ஒன்பது மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. பதிவேட்டில் "கடும் வெயில் காரணமாக" என்று எழுதினார்கள். அந்த வாரம் முழுக்க மேகமூட்டம்.

பளிச் பயந்துபோய் வண்ண மீன் கடைக்காரரிடம் ஓடினார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கழுவிக் கழுவியே கொன்னுட்டீங்களேண்ணே! அந்தப் பழுப்பு அழுக்கில்ல, உயிரு. கண்ணுக்குத் தெரியாத கோடி உயிரு அதுல குடியிருக்கு. மீன் கழிக்கிற நஞ்சை அதுங்கதான் தின்னு தீர்க்கும். நீங்க பவுடர் போட்டு அதுங்களைக் கொன்னீங்க. நஞ்சு தண்ணியில நின்னு மீனைக் கொன்னுடுச்சு."

"அப்ப கழுவவே கூடாதா?"

"குளத்துத் தண்ணியையே ஒரு வாளியில மொண்டுக்குங்க. அதுல முக்கி ரெண்டே ரெண்டு தடவை லேசாப் பிழிங்க, போதும். அதுவும் ஒரு தடவைக்கு ரெண்டு ஸ்பாஞ்சுதான். மத்த ரெண்டையும் அடுத்த மாசம் பாருங்க. குழாய்த் தண்ணியில மருந்து இருக்கு, அது வேணாம். சோப்பு வாடையே ஆகாது."

அன்றிலிருந்து பளிச்சின் படிப்பு தலைகீழாயிற்று. இரண்டு தடவை பிழிந்ததும் மூன்றாவதுக்குக் கை பரபரக்கும். பன்னிரண்டு வருஷப் பழக்கம் லேசில் விடுமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பாஞ்சைப் பெட்டியில் வைத்துவிட்டு, கை அரிப்பு தீர மோட்டாரின் வலையில் சிக்கிய இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். மிச்சமிருந்த இருபத்து மூன்று மீன்களும் பிழைத்துக்கொண்டன. அவற்றில் மூத்த மீனுக்கு மாமனார் என்று பேர் வைத்தார். எதைப் போட்டாலும் மூக்கருகே வைத்துச் சோதித்து, ஒரு குறை கண்டுபிடித்துவிட்டுத்தான் வாயில் போடும்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஒரு புதிய சுகாதார மேற்பார்வையாளர் வந்தார். அவர் சட்டைப்பையில் எப்போதும் மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைக் கைக்குட்டை இருக்கும். எதைக் கண்டாலும் அதால் தேய்த்து, தேய்த்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கதவுப் பிடி, ஜன்னல் விளிம்பு, ஒருமுறை பெரிய டாக்டரின் மூக்குக் கண்ணாடி. அவருக்கு ஆஸ்பத்திரி முழுக்கக் கைக்குட்டை என்றே பெயர். மாதத்தின் முதல் திங்கள், காலை பத்து மணிக்குத் தோட்டத்தில் சோதனை.

முதல் சோதனையிலேயே பெட்டியின் மூடி திறந்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

"என்னய்யா இது, சாக்கடையா?"

பளிச், கடைக்காரர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தார். கைக்குட்டை பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கண்ணுக்குத் தெரியாத உயிரா? ஆஸ்பத்திரிக்குள்ள அப்படி ஒண்ணு கோடிக்கணக்குல இருக்குன்னு வெளியில வாயைத் திறந்துடாதீங்க. இழுத்து மூடிடுவாங்க. அடுத்த சோதனைக்கு இது வெள்ளையா இருக்கணும். உங்களால முடியலைன்னா சொல்லுங்க, ஆள் வெச்சுப் பவுடர் போட்டுக் கழுவிக்கிறேன்."

பவுடர் என்ற சொல்லைக் கேட்டதும் பளிச்சின் கண் குளத்துப் பக்கம் போனது. அந்த ஒன்பதும் மிதந்த கோலம் கண்முன் வந்து நின்றது. வீட்டுக்குப் போய், மூஞ்சியைத் தொங்கப் போட்டபடி நடந்ததைச் சொன்னார்.

அவர் மனைவி சுத்தத்தில் கைக்குட்டைக்கே பாடம் எடுக்கக்கூடியவள். குளத்து வாடையோடு வருகிறாரே என்று அவரைப் பின்வாசல் குழாயில் கை கால் கழுவவிட்டுத்தான் உள்ளே சேர்ப்பாள். அந்த வீட்டுக் குளியலறையில் ஓரமெல்லாம் பூ வேலை செய்த ஒரு வெள்ளைத் துண்டு தொங்கும். கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. அது விருந்தாளிகளுக்கு. வீட்டு மனிதர்கள் கிட்டேயே போகக் கூடாது. வருகிற விருந்தாளிகளோ அதன் அழகைப் பார்த்து மிரண்டு, ஈரக் கையைச் சொந்தத் துணியிலேயே துடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். ஆக, அந்தத் துண்டு பிறந்ததிலிருந்து யாரையும் துடைத்ததில்லை. துவைக்கவும் அவசியம் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அதை எடுத்து உதறி, மடிப்பு மாறாமல் மறுபடி தொங்கவிடுவாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் கண நேரம்கூட யோசிக்கவில்லை.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க? வந்து பார்க்கிறவருக்குன்னு தனியா நாலு ஸ்பாஞ்சு வாங்கி வைங்க. அவர் வர்ற நேரத்துல போடுங்க, போனதும் எடுத்துடுங்க. நம்ம துண்டு மாதிரி."

அப்படித்தான் விருந்தாளி ஸ்பாஞ்சு பிறந்தது. பேர் வைத்ததும் அவள்தான்.

முதல் திங்கள் ஒன்பதரைக்குப் பளிச் பழுப்பு ஸ்பாஞ்சுகளை எடுத்து, குளத்துத் தண்ணீர் நிரப்பிய டப்பில் போட்டு, செடி மறைவில் தள்ளி வைப்பார். அந்த உயிர்கள் மூச்சுத் திணறாதபடி காற்றுக்குழாய் ஒன்று உள்ளே குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். வெள்ளை ஸ்பாஞ்சுகள் பெட்டியில் ஏறும். பத்து மணிக்குக் கைக்குட்டை வருவார், தேய்ப்பார், வெளிச்சத்தில் பார்ப்பார், "சபாஷ்" என்பார். பத்தரைக்கு விருந்தாளிகள் கிளம்பிவிடுவார்கள், வீட்டுக்காரர்கள் திரும்பி வருவார்கள். இந்த நாடகம் ஒன்பது வருஷம் ஓடியது. ஒருநாள்கூட வசனம் தப்பவில்லை.

உள்ளுக்குள் மட்டும் பளிச்சுக்குக் கூசிக்கொண்டே இருந்தது. தான் பார்த்த வேலையை ஒரு ஜீவன்கூடப் பாராட்டியதில்லை. பார்க்காத வேலைக்கு மாதம் தவறாமல் சபாஷ். இது போதாதென்று இந்த வருஷம் ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு, "சிறந்த தூய்மைப் பராமரிப்பு" என்று சான்றிதழ் கொடுத்தார்கள். கையில் ஒரு வெள்ளை ஸ்பாஞ்சைத் திணித்துப் படமும் எடுத்தார்கள். படத்தில் அவர் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தார். மனைவி சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் ஆணியடித்து மாட்டினாள்.

அந்தச் சான்றிதழால்தான் வினையே வந்தது. ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்ட்டின் தலைவியம்மா, அந்த ஃபில்டரை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கைக்குட்டைக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த மாதச் சோதனையில் வெள்ளை ஸ்பாஞ்சுகளைத் தேய்த்துப் பார்த்ததும், பையிலிருந்து டேப்பை எடுத்தார். மூடியைச் சுற்றி ஒட்டி, அதன்மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினார்.

"மேடம் பத்து நாள்ல வர்றாங்க. அதுவரைக்கும் யாரும் இதைத் தொடக் கூடாது. அவங்க கையாலயே பிரிக்கட்டும். பத்து நாள் ஓடியும் வெள்ளையா இருக்கிறதைப் பார்த்து அசந்துடணும்."

"பத்து நாளா?" என்றார் பளிச்.

உள்ளே விருந்தாளிகள் மாட்டிக்கொண்டார்கள். வீட்டுக்காரர்கள் டப்பில் தவித்துக்கொண்டிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் வேலை போகும். பிரிக்காவிட்டால் மாமனார் உட்பட இருபத்து மூன்றும் போகும். போதாக்குறைக்கு வெள்ளை ஸ்பாஞ்சு ஓடுகிற தண்ணீரில் இருந்தால் மூன்றாம் நாளே பழுப்பேறி மானத்தை வாங்கிவிடும். பளிச் குளத்தைச் சுற்றி நாலு தடவை நடந்தார். ஐந்தாவது சுற்றில்தான் அந்த வால்வு கண்ணில் பட்டது.

தண்ணீரைப் பெட்டிக்குள் போக விடாமல் நேரே அருவிக்குத் திருப்பினார். பெட்டியின் அடிக்குழாயைத் திறந்து உள்ளே நின்ற தண்ணீரையும் வடித்துவிட்டார். பழுப்பு ஸ்பாஞ்சுகளை அருவிக் கற்களுக்கு நடுவே, தண்ணீர் அவற்றினூடே வடிந்து விழும்படி அடுக்கி, மேலே ஒரு தட்டைக் கல்லை வைத்து மறைத்தார். பெட்டி பெட்டியாக நின்றது, அருவி ஃபில்டராக வேலை பார்த்தது. தண்ணீர் கண்ணாடிபோலவே இருந்தது. மாமனார் வழக்கம்போலக் குறை கண்டுபிடித்துக்கொண்டே தின்றது. தன்னைவிடக் கெட்டிக்காரன் இந்த ஆஸ்பத்திரியில் இல்லை என்று பளிச்சுக்கு ஒரு கணம் தோன்றியது.

பத்தாம் நாள் காலை, வால்வைத் திறந்து ஸ்பாஞ்சுகள் நனைகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு மூடினார். தலைவியம்மா வந்தார். பின்னால் டாக்டர்கள், நர்ஸ்கள், மேனேஜர். வரவேற்பறையிலிருந்து கத்தரிக்கோல் வந்தது. டேப்பை வெட்டி மூடியைத் தூக்கினார்கள். நான்கும் வெள்ளை வெளேரென்று இருந்தன. கைக்குட்டை தன் கைக்குட்டையால் தேய்த்து அதை எல்லாருக்கும் விரித்துக் காட்டினார். கைதட்டினார்கள்.

தலைவியம்மா மட்டும் கைதட்டவில்லை. ஸ்பாஞ்சையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பத்து நாளா இது வழியாத்தானே தண்ணி போகுது?"

"ஆமா மேடம், ராப்பகலா" என்றார் கைக்குட்டை.

"ஒரு துளி அழுக்கு சேரலையே. அப்ப தண்ணியில அழுக்கே இல்லைன்னுதானே அர்த்தம்? பிறகு ஃபில்டர் எதுக்கு? மோட்டார் எதுக்கு? இதுக்குன்னு ஒரு ஆள் எதுக்கு?"

கேள்வியில் ஓட்டையே இல்லை.

"நானே சொல்லணும்னு இருந்தேன் மேடம்" என்றார் கைக்குட்டை.

"நாளையிலேர்ந்து மோட்டாரை நிறுத்திடுங்க. இவரை டோக்கன் கொடுக்கிற இடத்துக்கு மாத்துங்க. மீன் அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

அதுபாட்டுக்கு இருக்குமா? மோட்டார் நின்றால் இந்த இருபத்து மூன்றும் எத்தனை நாள் தாங்கும் என்பது அங்கே ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவரோ ஒன்பது வருஷப் பொய்யை வாயில் அடக்கிக்கொண்டு நின்றார். டோக்கன் வேலை நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. சான்றிதழ் கூடத்தில் தொங்கும். பேசாமல் இருந்தால் மரியாதைக்கு ஒரு குறைவும் வராது. தூரத்தில் கட்டு அவிழ்த்த ஒரு பெரியவர், நர்ஸின் கையைப் பிடித்தபடி, "ஏழு... இல்லம்மா, எட்டு" என்று மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பளிச் செருப்பைக் கழற்றினார். அன்றைக்கென்று இஸ்திரி போட்ட சீருடையோடு குளத்துக்குள் இறங்கினார். தொடை வரை தண்ணீர். அருவியின் தட்டைக் கல்லைப் புரட்டி, கொழகொழவென்று வடியும் ஒரு பழுப்பு ஸ்பாஞ்சை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

"இதாங்க மேடம் வேலை பார்க்கிறது. அது சும்மா வந்துட்டுப் போறது."

ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஒன்பது மீன், பவுடர், கடைக்காரர், டப், வால்வு, எதையும் மறைக்கவில்லை. மனைவியின் யோசனையை மட்டும் தன் யோசனை என்று சொன்னார்.

"அப்ப இதை எத்தனை வருஷமாக் கழுவல?" கைக்குட்டையின் குரல் கீச்சிட்டது.

"பத்து வருஷமா சோப்புப் போட்டதில்லைங்க." பெருமையாகத்தான் சொன்னார். கேட்டவர்கள் காதில் அது வாக்குமூலமாக விழுந்தது.

தலைவியம்மா குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"நாத்தமே இல்லையே?"

"உயிரோட இருக்கிறது நாறாதுங்க மேடம். செத்தாத்தான் நாறும்."

அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "மோட்டார் ஓடட்டும். ஆளும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டடத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்த பளிச் பின்வாசலை மறந்தார். நேரே குளியலறைக்குள் போய்க் கை கால் கழுவி, கைக்குக் கிடைத்த துண்டை இழுத்துத் துடைத்தார். துடைக்கத் துடைக்கத் தண்ணீர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனதே ஒழிய, துண்டில் ஏறவில்லை. அப்போதுதான் அது எந்தத் துண்டு என்று பார்த்தார். பூ வேலைக்கு நடுவில் கையகலப் பழுப்புக் கறை. வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்மா. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்" என்றார். சொல்லும்போது அழுதுவிட்டார். வெட்கத்தால் அல்ல. ஒன்பது வருஷம் கழித்துத் தன் வேலையைத் தன் கையால் தூக்கிக் காட்டிய நிம்மதி அது.

அவள் துண்டையே பார்த்தாள். கடைசியில், "நல்லாத் துடைங்க, காலெல்லாம் ஈரம்" என்றாள்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. பத்து வருஷம் கழுவாமல் இருந்ததற்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும், சான்றிதழைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. ஒப்படைத்தார். கூடத்தில் ஆணி மட்டும் மிஞ்சியது. கடிதத்தின் கீழே இன்னொரு வரியும் இருந்தது: இனிமேல் சோதனையில் ஸ்பாஞ்சு பழுப்பாக இருக்க வேண்டும்.

அடுத்த முதல் திங்கள் பத்து மணிக்குக் கைக்குட்டை வந்தார். முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. விதி மாறினால் அவரும் மாறிவிடுவார், அவ்வளவுதான். ஸ்பாஞ்சைத் தேய்த்து, கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த ரெண்டும் பரவாயில்ல. அந்த ரெண்டும் என்னய்யா வெளுத்திருக்கு? ஒரே சீரா இருக்க வேணாமா? அடுத்த தடவை நாலும் நல்ல பழுப்பா இருக்கணும். கவனிங்க."

"அது போன வாரம் பிழிஞ்சதுங்க" என்றார் பளிச். எழுதிக்கொண்டிருந்தவர் காதில் விழவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி கண நேரம்கூட யோசிக்கவில்லை.

"இதுக்கென்ன? நல்ல பழுப்பா நாலு ஸ்பாஞ்சு தனியா வெச்சுக்குங்க. அவர் வர்ற நேரத்துல மட்டும் போடுங்க."

"போதும்மா, போதும்" என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டு, பளிச் முகம் கழுவப் போனார். கம்பியில் பூ வேலைத் துண்டு தொங்கியது. இந்த மூன்று வாரத்தில் ஐந்தாறு தடவை துவைத்ததில் பூவெல்லாம் நூல் விட்டிருந்தது, கறை போகவில்லை. எடுத்துத் துடைத்தார். நன்றாகவே துடைத்தது.